தட்டினால்தான் கிளம்பும்

அந்தப் பழைய டீசல் லாரியைக் கிளப்ப இரண்டு பேர் வேண்டும். அண்ணன் மேலே உட்கார்ந்து சாவியைத் திருப்புவார். தம்பி அடியில் படுத்து, பேட்டரியின் எர்த் கேபிளைச் சேஸிஸ் சட்டத்தோடு முடுக்கியிருக்கும் போல்ட்டை ஸ்பேனரால் தட்டுவான். அந்த அதிர்வில்தான் கரண்ட் பாயும்.

"தட்டட்டா?"

"தட்டு."

போன மழைக்காலத்திலிருந்து இருவருக்கும் பேச்சு இவ்வளவுதான். வண்டியை விற்றுவிடலாம் என்று தம்பி சொல்லப்போக, "விக்கச் சொல்றவன் இந்த வீட்ல இருக்க வேண்டாம்" என்று அண்ணன் வாயை விட்டுவிட்டார். ரோஷக்காரன், அன்றைக்கே அடுத்த தெருவுக்குக் குடிபோய்விட்டான். 'அண்ணே' என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டான். ஆனாலும் விடிந்தால் ஸ்பேனரோடு வந்து நிற்பான். டீ குடிக்கிறாயா என்று கேட்க அண்ணனுக்கு வாய்வரை வரும். வீம்பு வந்து அடைத்துக்கொள்ளும். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே அவர் தினமும் தலைவாரிக்கொண்டு காத்திருந்தார்.

"நானே தட்டுறேனே" என்று மனைவி ஒருநாள் கேட்டதற்கு, "உனக்கு இடம் தெரியாது" என்றார். கண்ணெதிரே துருத்திக்கொண்டிருக்கிற போல்ட்டுக்கு இடம் தெரியாதாம்!

நேற்று அந்தக் கேபிள் புகைந்தது. எலக்ட்ரீஷியன் வந்து உறையைக் கிழித்தார். உள்ளே செம்பு பச்சை பூத்து உதிர்ந்தது.

"இத்தனை நாள் எரியாம இருந்ததே பெரிசு. பேட்டரி கேபிள் ரெண்டையும் மாத்திடுறேன். அப்புறம் யாரும் தட்ட வேண்டியதில்ல."

"யாருமே வேண்டாமா?" என்றார் அண்ணன். நல்ல சேதி கேட்ட முகமாக அது இல்லை.

துருவைச் சுரண்டிப் புதுக் கேபிளை முடுக்கியதும், சாவியைத் தொட்டவுடனே வண்டி உறுமியது. அண்ணன் சட்டென்று அணைத்தார். இனி எதைச் சாக்கிட்டு அவனைப் பார்ப்பது?

"போய்க் கூப்பிட்டா குறைஞ்சா போயிடுவீங்க?" என்றாள் மனைவி. அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

காலையில் வண்டியில் ஏறி, சாவியைத் திருப்பாமலே உட்கார்ந்திருந்தார். லோடு காத்திருந்தது; காத்திருக்கட்டும். தம்பி வந்தான், அடியில் நுழைந்தான்.

புதுக் கேபிள் அவன் மூக்குக்கு நேரே இருந்திருக்கும். சத்தமே இல்லை. குட்டு உடைந்துவிட்டது, எழுந்து போய்விடுவான், நாளை வரமாட்டான் என்றே நினைத்தார் அண்ணன்.

கீழிருந்து குரல் வந்தது.

"தட்டட்டாண்ணே?"

"தட்டுடா."

அடியில் இரும்பு டங் டங்கென்றது. அதற்கப்புறம்தான் அவர் சாவியைத் திருப்பினார்.