மெழுகு காயும் நேரம்

அப்பா மெழுகு டப்பாவுக்குள் கட்டைவிரல் நகத்தை விட்டு எடுத்தார். நகத்தில் ஒட்டியதை மூக்கருகே கொண்டுபோகப் பார்த்தார். கை பாதி வழியிலேயே போர்வைமேல் விழுந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அத்தை அந்தக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொடுத்தாள். முகர்ந்தார். விரலைப் போர்வையில் துடைத்தார்.

“இது காருக்குப் போடறது. போட்டோ எடுக்கிற வரைக்கும் மினுக்கினா போதும்னு வாங்கினியா?”

மகள் டப்பாவை வாங்கி மூடினாள். தம்பி மதியத்துக்குள் வந்துவிடுவான், நேரமில்லை. இரண்டு மணி நேரத்தில் முழுப் படகையும் முடித்துவிடலாம் என்று கடைக்காரர் இந்தத் தண்ணி மெழுகைக் கொடுத்திருந்தார். உப்புத் தண்ணியும் வெயிலும் ஒரே மாதத்தில் தின்றுவிடும் என்பதையும் அவரே சொல்லியிருந்தார். சந்தேகத்துக்கு இன்னொரு டப்பாவும் வாங்கியிருந்தாள். கட்டி மெழுகு. பூசித் துடைப்பதற்குள் முழங்கை கழன்றுவிடும், ஆனால் ஆறு மாதம் நிற்கும். அதைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். அப்பா முகர்ந்தார்.

“முதல்லயே இதை எடுத்திருந்தா உன்னை ஆமைன்னு ஏன் கூப்பிடப் போறேன்?”

ஆமை என்பது அவளுக்கு வீட்டில் வழங்கிய பெயர். நாற்பத்திரண்டு வயதிலும் அதுதான்.

அப்பாவின் நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டிருந்தது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம், கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடச் சொன்னதுதான். ஜன்னலுக்கு வெளியே தகரக் கொட்டகை. அதற்குள் மரக்கட்டைகள் மேல் ஃபைபர் படகு.

அவருடைய கால்கள் விழுந்ததிலிருந்து ஆறு வருடமாக அந்தப் படகை ஓட்டுகிறவள் அவள்தான். அக்கரையில் இருக்கும் தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிப் போய் ஏற்றி வருவாள். பதிவு மட்டும் தம்பியின் பேரில். அவனுடைய ஊரில் ஒரு விடுதிக்குப் படகு வேண்டுமாம்; இன்றைக்கு வண்டியோடு வருகிறான். நாலு நாளுக்கு முன்பு அவள் கட்டிலருகே நின்று, வாழ்க்கையில் முதல்முறையாக அப்பாவிடம் ஒன்று கேட்டாள். படகு எனக்கென்று அவனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றாள். அப்பா வெகுநேரம் மூச்சு வாங்கிவிட்டு, “மெழுகு போடு. போடுற லட்சணத்தைப் பாத்துட்டுச் சொல்றேன்” என்றார்.

சாகப்போகிற மனிதன் பெற்ற மகளுக்கு வைத்த பரீட்சை அது. அத்தை அன்று ஜெபத்தில் அண்ணனுக்காக மன்னிப்புக் கேட்டாள்.

படகைக் கழுவி, வெளுப்பை எடுக்கும் காம்பவுண்ட் பசை போட்டுத் தேய்ப்பதிலேயே மூன்று நாள் போயிருந்தது. அதற்கு முன்பு படகில் சாய்ந்தால், சுண்ணாம்புச் சுவரில் சாய்ந்த மாதிரி சட்டையில் வெள்ளை ஒட்டும். இப்போது உள்ளங்கையால் தடவினால் கை சுத்தமாக வந்தது. அவள் முன்பக்கத்தில் தொடங்கினாள். பஞ்சில் மெழுகைத் தொட்டு, இரண்டு முழம் அகலத்துக்கு மட்டும் வட்டம் வட்டமாகப் பூசினாள். வெள்ளையாகப் புகை மாதிரி படர்ந்ததும், காய்ந்ததா என்று பார்க்க விரலால் ஒரு கோடு இழுத்தாள். கோடு சுத்தமாக விழுந்ததும் துணியை எடுத்துத் துடைத்தாள். பிறகு அடுத்த இரண்டு முழம்.

ஜன்னலிலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. தடிமனாகப் பூசுகிறாளாம், ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிறாளாம். துணியைத் திருப்பவில்லையாம். இடையில் அப்பா இருமினார். அத்தை கிண்ணத்தை ஏந்தினாள். இருமி முடித்ததும் விட்ட இடத்திலிருந்து ஏச்சைத் தொடர்ந்தார்.

இந்த வேலையில் அப்பாவுக்கு ஒரு சட்டம் உண்டு. பூசின கை துடைக்காமல் எழக் கூடாது. வீடு பற்றி எரிந்தாலும் துடைத்துவிட்டுத்தான் தண்ணீர் எடுக்கப் போக வேண்டும். கல்யாணமான புதிதில் ஒருநாள் கணவன் வாசலில் வந்து கூப்பிட, அவள் பாதியில் எழுந்து போனாள். திரும்பி வருவதற்குள் வெயில் ஏறி மெழுகு இறுகிவிட்டது. எவ்வளவு தேய்த்தும் அந்த இடம் மங்கலாகவே நின்றது. இரண்டு வருடம் கழித்துக் கணவன் அவளை விட்டுவிட்டுப் போனான். “புருஷன் போயிட்டான், அவன் கூப்பிட்ட கறை மட்டும் போகல” என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டிச் சிரித்தார். வந்தவர்களும் சிரித்தார்கள்.

பதினொரு மணிக்குக் கொட்டகையின் நிழல் சுருங்கியது. பின்பக்கத்தில் கடைசி மூலை பாக்கி. அவள் பூசி முடித்துப் பஞ்சைக் கீழே வைத்தாள்.

“ஏ ஆமை. இங்க வா.”

குரல் மெலிந்திருந்தது. அவள் விரலால் கோடு இழுத்தாள். பிசுபிசுத்தது.

“ஆமை.”

ஏசுகிற குரல் இல்லை அது. அவளுக்குத் தெரிந்தது. எழுந்து போயிருக்கலாம், பத்தடி தூரம்தான். ஆனால் இதுதான் கடைசி மூலை. பரீட்சையில் கடைசிக் கேள்வி. வெயில் முழங்காலுக்கு வந்துவிட்டது. அவள் மறுபடி கோடு இழுத்தாள். சுத்தமாக விழுந்தது. மேலிருந்து கீழாகத் துடைத்தாள். துணியைத் திருப்பினாள். இன்னொரு முறை துடைத்தாள். மூலையில் அவள் முகம் தெரிந்தது. மூன்றாவது முறை யாரும் கூப்பிடவில்லை.

உள்ளே போனபோது அத்தை அப்பாவின் தாடையை ஒரு கையால் தாங்கிக்கொண்டிருந்தாள்.

“இப்பத்தாம்மா” என்றாள்.

தம்பி வந்தபோது மணி ஒன்றரை. செருப்பைக் கழற்றாமல் ஓடிவந்து அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அந்த அழுகையில் பொய் இல்லை. பிறகு முகத்தைக் கழுவிவிட்டு ஜன்னல் வழியாகக் கொட்டகையைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். வாசலில் வண்டிக்காரர் காத்திருந்தார்.

படகைப் பற்றி அப்பா ஏதாவது சொன்னாரா என்று மெதுவாகத்தான் கேட்டான்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டாள். “அவளுக்குத்தான்னு சொன்னாருப்பா. என் காதால கேட்டேன்.”

அறுபத்தைந்து வயதில் அத்தை சொன்ன முதல் பொய்யாக இருக்கலாம் அது. சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள். காது மடல் சிவந்துவிட்டது. பொய் சொல்லத் தெரியாதவர்களின் பொய்யைக் கடவுள் மன்னித்துவிடுவார், மனிதர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மகள் சும்மா இருந்திருந்தால் போதும். தம்பி கெட்டவனில்லை, பாதி நம்பியிருப்பான். ஆனால் அப்பாவின் கண்கள் இன்னும் முழுதாக மூடாமல் இருந்தன. அந்தக் கண்களுக்கு முன்னால் அவர் சொல்லாததைச் சொன்னதாக வைத்துக்கொள்ள அவளால் முடியவில்லை.

“இல்லடா. அத்தை பாவம், எனக்காகச் சொல்றாங்க. அவர் என்னைக் கூப்பிட்டார். ரெண்டு தடவை. நான் மெழுகைத் துடைச்சுட்டு வந்தேன். அதுக்குள்ள முடிஞ்சுடுச்சு.”

தம்பி அவளைப் பார்த்தான். “துடைச்சுட்டா வந்தே?”

“ஆமா.”

அத்தை தலையை நிமிர்த்தினாள். “அது பொய்தான்பா. ஒத்துக்கறேன். இது பொய்யில்ல. அண்ணன் வேணும்னேதான் கூப்பிட்டார். ரெண்டாவது தடவை கூப்பிட்டுட்டு என்னைப் பாத்துச் சிரிச்சார். ‘எந்திரிக்கல பாத்தியா. கத்துக்கிட்டா கழுதை. படகு அவகிட்டயே இருக்கட்டும்’னார். அதுதான் கடைசி. கடவுள் சத்தியமா.”



தம்பி பெருமூச்சு விட்டான். “அத்தை, ஒரு நிமிஷத்துக்கு முன்னாடியும் காதால கேட்டேன்னுதானே சொன்னீங்க” என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான். அது இன்னும் கொடுமையாக இருந்தது. அத்தை அவளைத் திரும்பிப் பார்த்தாள், நீயாவது நம்பு என்பதுபோல.

அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த உதடுகள் சிரித்து அவள் பார்த்தது பிறரை நோகடித்தபோது மட்டும்தான். கத்துக்கிட்டா என்று ஒருநாளும் சொன்னதில்லை. அத்தையின் கையைப் பிடித்து அழுத்தினாள். நம்புகிறேன் என்று மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை.

நாலு மணிக்கு அப்பாவை எடுத்துப் போனார்கள். எல்லாம் முடித்து அவர்கள் திரும்பியபோது வண்டிக்காரர் இன்னும் வாசலில்தான் இருந்தார். இருட்டுவதற்குள் பாதித் தூரமாவது போக வேண்டும் என்று தலையைச் சொறிந்தார். தம்பி அக்காவைப் பார்க்காமல், “பதிவு என் பேர்ல இருக்கு. மாத்தணும்னு நினைச்சிருந்தா அவர் எப்பவோ மாத்தியிருப்பார்க்கா” என்றான். பிறகு, இன்னும் தாழ்ந்த குரலில், “கூப்பிட்டதும் போயிருக்கலாம் நீ” என்றான்.

அவள் கொட்டகைக்குள் போய் உருளைகளை எடுத்துவந்தாள்.

உருளைகளை வைத்துத் தள்ளி, படகை வண்டிமேல் ஏற்றினார்கள். சாயும் வெயிலில் அதன் உடல் முழுக்கத் தெருவும் ஆட்களும் தெரிந்தார்கள். வண்டிக்காரர் பட்டையைக் குறுக்கே வீசி, இரும்புக் கொக்கியில் மாட்டி, கம்பியைப் போட்டு இறுக்கத் தொடங்கினார். பட்டை பளபளப்பின் மேல் கிறீச்சிட்டது.

“நில்லுங்க” என்றாள் அவள்.

பட்டைக்கும் படகுக்கும் நடுவில் இரண்டு விரலை நுழைத்து இடம் பண்ணினாள். துணி ஒன்றை நாலாக மடித்து, சுருக்கமில்லாமல் நீவி, அதற்குள் செருகினாள். “இப்ப இறுக்குங்க.”

தம்பி கொஞ்ச நேரம் நின்றான். பிறகு படகைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், தனக்கும் ஒரு துணி கேட்டுக் கையை நீட்டினான்.