ஐசம் ஹேகரின் கல்

டார்கஸ் சோளக்கஞ்சியை ஊதி ஊதி அப்பாவின் வாயில் வைத்தாள். அது உள்ளே போகாமல் தாடியில் வழிந்தது. ஐசம் கிழவர் மூன்று நாளாக எதையும் விழுங்கவில்லை.

கட்டிலருகே ப்ரிமஸ் மாமா உட்கார்ந்திருந்தார். ஐசம், ப்ரிமஸ், ப்ரிமஸின் தம்பி கேட்டோ, மூவரும் ஹேட்ரல் என்பவனின் பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் வந்ததும் ஒரே படகில் தப்பியோடி, கரோலினாக் கடற்கரையில் திரட்டிய கறுப்பர் படையில் சேர்ந்தவர்கள். நீலச் சட்டை போட்ட நாளைத் தம் கல்யாண நாளைவிட நன்றாக ஞாபகம் வைத்திருந்தார்கள்.

"செத்துப்போன கேட்டோவுக்கு வந்த மாதிரியே உனக்கும் பட்டாளத்துக் கல்லறைக் கல்லு வரும்டா ஐசம். வெள்ளைப் பளிங்கு. கம்பெனி பேரோட."

அப்பா கண்ணைத் திறந்தார். "கல்லு வேணும். அந்த ஆளு பேரு வேணாம்."

படையில் சேர்ந்த அன்று எழுத்தர் முழுப்பெயர் கேட்டார். யாருடைய ஆள் என்ற கேள்விக்கே பதில் சொல்லிப் பழகிய இருபது வயதுப் பையன் வேறென்ன சொல்வான்? ஐசம் ஹேட்ரல் என்று சொல்லித் தொலைத்தான். போர் முடிந்ததும் முதல் வேலையாக அந்தப் பெயரை உதறிவிட்டு, ஹேட்ரல் விற்றுவிட்ட தன் தாய் ஹேகரின் பெயரை வைத்துக்கொண்டான். நாற்பது வருஷமாக ஊருக்கு அவர் ஐசம் ஹேகர். படைப் பதிவேட்டில் மட்டும் ஹேட்ரல்.

"பதிவேட்டுல உள்ள பேருக்குத்தான் கல்லு. தலைகீழா நின்னாலும் மாத்த மாட்டாங்க," என்றார் ப்ரிமஸ்.

"நீ நின்னு பாத்தியா? இந்தத் தொந்தியோடயா?"

ப்ரிமஸுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. அப்பா மகளின் மணிக்கட்டைப் பிடித்தார். "டார்கஸ்... நீ பாத்துக்க."

அவ்வளவுதான். மத்தியானம் கடல் வற்றும் நேரத்தில் மூச்சு நின்றது.

மறுநாள் அடக்கம். கடைசியாகக் கஞ்சி வைத்த கிண்ணத்தின் அடியை வழக்கப்படி உடைத்து, குழிமேட்டில் கவிழ்த்தார்கள். அதன்பிறகு ப்ரிமஸ் கல்லுக்கான மனுத்தாளை நீட்டினார். டார்கஸ் பள்ளிக்கூடத்தில் எழுத்துச் சொல்லித் தருபவள். ஆனாலும் ஹேட்ரல் என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை. அப்பாவை மறுபடியும் அவனிடமே பிடித்துக் கொடுப்பதுபோல் இருந்தது. எழுதாவிட்டால் கல் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.

ஐந்து மாதம் கழித்துக் கல் வந்தது. முதல் வரியில் ஐசம், இரண்டாவதில் ஹேட்ரல், கீழே கம்பெனியும் படையும். கேட்டோவின் கல்லுக்குப் பக்கத்திலேயே நட்டார்கள்.

மற்றவர்கள் போனபின் டார்கஸ் ஒரு தகரத் தட்டை எடுத்தாள். அப்பா கொத்தனார். சிப்பி சுட்டு அவரே நீற்றிய சுண்ணாம்பு வீட்டுத் தொட்டியில் மிச்சம் இருந்தது. அதைக் குழைத்துத் தட்டில் கொண்டுவந்திருந்தாள். கட்டைவிரலால் எடுத்து, ஹேட்ரல் என்ற எழுத்துகளின் பள்ளத்தில் அழுத்தி நிரப்பி, மேலே இழைத்து மூடினாள். விரல் எரிந்தது.

போகாமல் நின்றிருந்த ப்ரிமஸ் பதறினார். "ஏய், என்னடி பண்றே? பட்டாளத்துக் கல்லுடி அது!"

"கல்லு பட்டாளத்துது மாமா. படுத்திருக்கிறது எங்கப்பா."

ஈரம் காய்வதற்குள் கொண்டை ஊசியால் ஹேகர் என்று கீறினாள். ப்ரிமஸ் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு தம்பியின் கல்லெதிரே மெல்ல உட்கார்ந்தார். எட்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர் துடைத்து வைக்கிற கல்.

"மிச்சம் இருக்காம்மா?"

டார்கஸ் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் சுண்ணாம்பைத் தொட்டு எடுத்தார். கை கல்லுக்கு முன்னால் தயங்கி நின்றது.

"இதுல எந்த வரிம்மா, அந்த ஆளு பேரு?"

டார்கஸ் அவர் விரலைப் பிடித்து இரண்டாவது வரியில் வைத்தாள்.