பறக்க விடலாம் என்று சொன்ன இடம்

ஐஸ் பெட்டியின் ஒயர் பிளக் வரைக்கும் எட்டவில்லை. வாடகைக்குக் கொண்டுவந்தவன் அதை விறைப்பாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, "எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருக்குதாமா?" என்று கேட்டான். துளசி இரும்பு பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்தாள். செம்புக் கம்பிச் சுருள்கள், பழைய மின்விசிறி மோட்டார்கள், நகத்தளவு திருகாணிகள் போட்ட மாத்திரை டப்பாக்கள். எல்லாவற்றின் மேலும் அண்ணனின் கோணல் எழுத்து. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மட்டும் நாலு இருந்தது. நீளமானதை எடுத்துக் கொடுத்தாள். பெட்டி ஒருமுறை அதிர்ந்து ஓடத் தொடங்கியது.

உள்ளே அண்ணன் முருகேசன் படுத்திருந்தார். நாற்பத்தெட்டு வயது. செவிலிமேட்டில் வீட்டோடு சேர்ந்தாற்போல் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தவர். நேற்று, ஞாயிற்றுக்கிழமை, திருமுக்கூடல் ஆற்று மணலில் விழுந்து கிடந்தவரை ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் மதியத்துக்கு மேல்தான் பார்த்திருக்கிறார். மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். பக்கத்திலேயே அவருடைய ட்ரோன் ஒரு கீறல் இல்லாமல் மணலில் உட்கார்ந்திருந்ததாம்.

"அனு எங்க வந்துக்கினு இருக்கா?" என்று அண்ணி ஜெயம்மாள் கேட்டாள். மகள் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும். காலையிலிருந்து அண்ணி வாயைத் திறந்து கேட்பது இந்த ஒன்றைத்தான்.

"வேலூர் தாண்டிட்டா அண்ணி. மூணு மணிக்குள்ள எடுத்துடலாம்."

துளசி போலீஸில் ஏட்டு. இருபது வருஷத்தில் எத்தனையோ சாவு வீடுகளில் பெயர், வயது, என்ன நடந்தது என்று கேட்டு எழுதியிருக்கிறாள். நேற்று ஆஸ்பத்திரி வாசலில் வேறு ஸ்டேஷன்காரர் ஒருவர் அவளிடம் அதையெல்லாம் கேட்டார். மற்றதற்கெல்லாம் தடையில்லாமல் சொன்னாள். "உங்க அண்ணன் அவ்ளோ தூரம் எதுக்கு போனாரும்மா?" என்றபோது மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, தானாகவே எதையோ எழுதிக்கொண்டார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் அந்த உத்தரவு வந்தது. கோயில்கள் உள்ள ஊர்; நகரத்துக்குள் யாரும் ட்ரோன் பறக்க விடக் கூடாது. வெளியே விடுவதானாலும் பதிவு எண் வேண்டும், அரசாங்க வரைபடத்தில் பச்சையாகக் காட்டுகிற இடமாக இருக்க வேண்டும். பொழுதுபோக்குக்காக ட்ரோன் வைத்திருப்பவர்களைக் கூப்பிட்டு, ஊருக்குள் விட மாட்டேன் என்று எழுதி வாங்குகிற வேலை துளசிக்கு வந்தது. பட்டியலில் முதல் பெயரே அண்ணனுடையது. ஞாயிறு தவறாமல் அவர் வீட்டு மாடியில்தான் அவர்கள் கூடுவார்கள்.

"நீ மொதல்ல வந்து கையெழுத்து போட்டுடுண்ணா. உன்னைப் பார்த்து மத்தவங்களும் வந்துடுவாங்க. இல்லன்னா என்னைத்தான் கேப்பாங்க" என்று போனில் சொன்னாள்.

மறுநாளே வந்தார். அயர்ன் செய்த சட்டை, நெற்றியில் விபூதி. கடிதத்தை அவளே எழுதினாள். படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, "அப்ப எங்கதான் விடறது? அதையும் நீயே சொல்லிடு" என்று சிரித்தார். அவள் போனில் வரைபடத்தைத் திறந்தாள். காஞ்சிபுரம் முழுக்கச் சிவப்பு. விரலால் தள்ளித் தள்ளி, மூன்று ஆறு கூடுகிற திருமுக்கூடலுக்குக் கொண்டுபோனாள். அங்கே பச்சையாக இருந்தது.

"இங்க விடு. ஒரு கேஸும் வராது."

பதிவு எண் வாங்கியதும் அந்த இடத்துக்குத்தான் போனார். முதல் ஞாயிறு அவருடன் வேடிக்கை பார்க்க இரண்டு பேர். அடுத்த வாரம் ஒருவர். பிறகு அவர் மட்டும்.

மணி ஒன்றரை இருக்கும். மாடியில் அவருடன் கூடுகிற மூன்று பேரும் வந்தார்கள். எதிர்வீட்டு வேப்ப மரத்தடியில் மாலையை வைத்துக்கொண்டு நின்றார்கள், உள்ளே வரவில்லை. துளசி வாசலுக்கு வந்ததும் பேச்சு நின்றது. அவள் புடவையில்தான் இருந்தாள். ஆனாலும் விமல்ராஜ் ஸ்டேஷனில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டான். கம்பெனி வேலைக்குப் போகிறவன்; உத்தரவு வந்த அன்றே ட்ரோனைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டான். சந்தியா பள்ளிக்கூடத்தில் டீச்சர். பதிவுக்கு மூன்று தடவை எழுதிப் போட்டு மூன்று தடவையும் திரும்பி வந்தது என்று ஒருநாள் ஸ்டேஷனிலேயே அழுதவள். ராஜகோபால் தபால் ஆபீஸில் ரிட்டையர் ஆனவர். அவர்தான், மற்றவர்களை முருகேசன் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு வந்த அன்றைக்கு, கையெழுத்துப் போட மாட்டேன் என்று சண்டை பிடித்தார். "கல்யாண வீட்டுக்காரன் பர்மிஷன் வாங்கி விடறான். கட்சிக்காரன் கூட்டத்துக்கு விடறான். நாங்க சந்தோஷத்துக்கு விட்டா மட்டும் குத்தமா?" என்று கேட்டார். முருகேசன்தான் அவர் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். அதற்கப்புறம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்று துளசி கேள்விப்பட்டிருந்தாள்.

"உள்ள வாங்க சார்" என்றாள்.

ராஜகோபால் அசையவில்லை. "மாடியில இருந்திருந்தா நாங்க மூணு பேரு பக்கத்துல இருந்திருப்போம். ஆட்டோ புடிச்சு பத்து நிமிஷத்துல ஆஸ்பத்திரி."

"சார், இப்ப வேணாம் சார்" என்றாள் சந்தியா.

"சொல்லணும்மா. யாராவது சொல்லணும் இல்ல?"

அவர் மாலையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். யாரையும் பார்க்காமல், "நேத்து காலையில ஏழு மணிக்கு எனக்கு போன் பண்ணாரு. நான் எடுக்கல" என்றார்.

உள்ளே போய் மாலையை வைத்துவிட்டு வந்தார்கள். கிளம்பாமல் கடை வாசலில் நின்றான் விமல்ராஜ். "மேடம், ட்ரோன் உங்க கிட்டதான் இருக்குதா? அண்ணன் ரெக்கார்டு போடாம ஏத்தவே மாட்டாரு. மெமரி கார்டுல இருக்கும்."

ஆஸ்பத்திரியில் கொடுத்த பை கடைக்குள் மேசையடியில் இருந்தது. ட்ரோன், ரிமோட், போன், செருப்பு. அதைத் தொட நேற்றிலிருந்து அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. விமல்ராஜ் தோள்பையிலிருந்து தன் லேப்டாப்பை எடுத்து மேசையில் வைத்தான். சந்தியாவும் ராஜகோபாலும் உள்ளே வந்து நின்றார்கள். கார்டைப் போடுமுன் துளசியின் முகத்தைப் பார்த்தான். "போடு" என்றாள்.

"எனக்கும் காட்டு" என்று பின்னால் குரல் கேட்டது. ஜெயம்மாள் நின்றிருந்தாள். ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அண்ணி, வேணாம். வெறும் ஆறுதான் இருக்கும்."

"இருக்கட்டும். அங்க போனா கேஸ் இல்லன்னு நீதான சொன்ன. அப்படி இன்னா இடம்னு நானும் பார்க்குறேன்." குரலில் கோபம் இல்லை. முருகேசன் உட்கார்ந்து வேலை செய்யும் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

திரையில் ஆறு வந்தது. மூன்று பக்கமிருந்தும் மெலிசாகத் தண்ணீர் வந்து கூடியது. மற்றதெல்லாம் மணல், நாணல். ட்ரோன் மெதுவாகத் திரும்பியது. மணல் நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளியும் அதன் காலடியில் ஒரு சின்ன நிழலும் தெரிந்தன. புள்ளி கையைத் தூக்கி வெயிலை மறைத்து மேலே பார்த்தது.

"அண்ணன்" என்றாள் சந்தியா.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு இரண்டடி நடந்தது. உட்கார்ந்தது.

"உக்காந்துட்டாரு" என்றாள் ஜெயம்மாள்.

பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதற்கப்புறம் மணலில் எதுவும் அசையவில்லை. ட்ரோன் அதே இடத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தது. கீழே கொக்குகள் ஒரு வரிசையாகப் போயின. தண்ணீர் மினுங்கியது. துளசி பழக்கத்தில் திரையின் ஓரத்தில் ஓடும் நேரத்தைப் பார்த்தாள். பதினாலு நிமிஷம். அத்தனை நேரமும் படத்துக்குள் ஒரு ஆள் வரவில்லை. ஓட்டிப் போடு என்று யாரும் சொல்லவில்லை.

"சார்ஜ் கொறைஞ்சா கிளம்பின எடத்துக்கே தானா வந்துடும்" என்று விமல்ராஜ் முணுமுணுத்தான். சொன்னதுபோலவே அது திரும்பி, இறங்க ஆரம்பித்தது. மணல் பெரிதானது. சட்டையின் கோடுகள் தெரிந்தன. இறக்கைக் காற்றில் சட்டை முதுகுப்பக்கம் உப்பிப் படபடத்தது. அப்புறம் திரை முழுக்க மணல்.

வீட்டுக்குள்ளிருந்து பெட்டியின் சத்தம் கேட்டது.

"தொப்பி போட்டுக்கினு போகல" என்றாள் ஜெயம்மாள். "ஆணியிலயே மாட்டி வெச்சிட்டு போயிருக்காரு. நானும் பார்க்கல." பிறகு விமல்ராஜ் பக்கம் திரும்பினாள். "அவரு நிக்கிறாரில்ல, அது வரைக்கும் போடுப்பா. அதோட நிறுத்திடு."

அவன் பின்னால் ஓட்டி, அந்த இடத்தில் நிறுத்தினான். அவள் குனிந்து, மூக்கு உரசுகிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். கையைத் தூக்கி நிற்கும் புள்ளி. முகம் தெரியவில்லை.

தெருவில் கார் வந்து நின்றது. அனுவின் குரல் வாசலிலிருந்தே "அப்பா" என்று கிளம்பியது. ஜெயம்மாள் முக்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். துளசியும் ஓடினாள்.

அப்புறம் நின்று நிதானிக்க நேரமில்லை. பெட்டியைத் திறந்தார்கள், குளிப்பாட்டினார்கள், புது வேட்டி கட்டினார்கள். பெண்கள் வாய்க்கரிசி போட்டார்கள். துளசி போடும்போது அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எதற்கென்று தெரியவில்லை, அரிசி விழுந்த பிறகும் விடவில்லை. பறைச் சத்தம் எழுந்து தெருமுனை வரைக்கும் போனது. வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். கொள்ளி அனுதான் வைக்கப் போகிறாள் என்று ஜெயம்மாள் சொன்னதும், பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார்கள்.

கடையைப் பூட்ட வேண்டும் என்று நினைவு வந்து துளசி உள்ளே போனாள். மேசை முன்னால், அதே முக்காலியில், ராஜகோபால் மட்டும் உட்கார்ந்திருந்தார். லேப்டாப்பில் ஆறு அப்படியே நின்றது; புள்ளியும் அதன் நிழலும் நின்றன. திரை மங்கியது. அவர் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். வெளிச்சம் வந்தது.

"எடுக்கப் போறாங்க சார்."

"தோ, வந்துடறேம்மா."

எழுந்திருக்கவில்லை. வெளியே பறை வேகம் பிடித்தது. கொஞ்ச நேரத்தில் திரை மறுபடியும் மங்கியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை.

துளசி குனிந்து விரலை நீட்டித் தட்டினாள்.