ஜோசப்பின் பெயரில் இரண்டு கோடைகள்

ரொறன்ரோவின் வோபர்ன் அடுக்குமாடி வாசலில் ஜோசப்பினின் கார் வந்து நின்றபோது யோகராணி நெற்றிப் பொட்டைத் தொட்டுப் பார்த்தாள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். முன்பு தோட்ட வேலைக்குப் புறப்படுகிற காலையில் அதைத் துடைத்துவிட்டுத்தான் கீழே இறங்குவாள். மறந்துபோனால் வேலையாட்களை ஏற்றிப்போகும் வானை ஓட்டுகிற அகஸ்ரின் அண்ணை விடமாட்டார். "என்ன ஜோசப்பின், பொட்டோடையோ பூசைக்குப் போறாய்?" என்பார் அவளிடம். வான் முழுக்கச் சிரிக்கும்.

அகதிக் கோரிக்கை முடிவாகும்வரை வேலை செய்யக்கூடாது என்றிருந்த காலம் அது. சட்டம் சொன்னது சரி, அறை வாடகையை யார் கொடுப்பது? கீழ்மாடி ஜோசப்பின் அக்கா பொட்டு வைக்காத கத்தோலிக்கப் பெண். அப்போது பிள்ளைத்தாய்ச்சி, வீட்டோடு இருந்தாள். தன் சின் காட்டை, வேலைக்குக் கேட்கிற அரசாங்க இலக்க அட்டையை, எடுத்து நீட்டினாள். "கொண்டு போ. சும்மாதானே கிடக்குது." அந்த இலக்கத்தில் இரண்டு கோடை, ரொறன்ரோவுக்கு வடக்கே கரி போலக் கறுத்த மண்ணில், யோகராணி ஜோசப்பினாகக் கரட் பிடுங்கினாள். சம்பளம் ஜோசப்பின் பெயரில் வரும். காசாக மாற்றி அப்படியே கையில் வைத்துவிடுவாள் அக்கா.

முதுகை முறிக்கிற வேலை. வெறுத்துக்கொண்டுதான் செய்தாள். ஆனாலும் இப்போது காரில் போகையில் நினைவுக்கு வந்ததெல்லாம் வேறு. பிடி பிடியாகக் கட்டுவதற்கு றப்பர் வளையங்களை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை போட்டுக்கொண்டு, கலியாண வீட்டுக் காப்பு என்று ஒருத்திக்கொருத்தி காட்டிச் சிரித்தது. பக்கத்து வரிசையில் ஜமேய்க்காக்காரர்கள் பாட, இங்கிருந்து பெண்கள் தாளம் போட்டது. அந்த மனிதர்களை ஒப்பந்தத்தில் கூட்டிவந்து, பனி விழமுன் விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். நாங்கள் பரவாயில்லை, எங்களை அனுப்ப விமானமில்லை என்று அகஸ்ரின் அண்ணை சொல்வார். இரட்டைக்கால் முளைத்த கரட்டைக் கடைக்காரன் எடுக்கமாட்டான், வேண்டியமட்டும் கொண்டுபோகலாம். அந்தக் கோடைகளில் மாடிக்கு மாடி கரட் சம்பல், கரட் வறை, கரட் குழம்பு. கதவைத் தட்டினால் கரட் வருகுதென்று பிள்ளைகள் ஒளித்தார்கள்.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. போ என்று கடிதம் வந்தது, போகச்சொல்லி எவரும் வரவில்லை. இப்போது புது ஒழுங்கு: நிராகரிக்கப்பட்டவர்களும் மூன்று வருடம் இங்கே இருந்து, ஆறு மாதமாவது உழைத்ததைக் காட்டினால் நிரந்தரமாக இருக்கக் கேட்கலாம். யோகராணி உழைத்தது தோட்டத்தில் மட்டும்தான். அந்த உழைப்பு முழுவதும் ஜோசப்பினுடையது.

"வேலை செய்தது நீதானெண்டு தோட்டக்காரக் கிழவரிட்டைப் போய்க் கடிதம் கேப்பம், நான் வந்து கதைக்கிறன்" என்று ஜோசப்பின்தான் நாள் குறித்தாள். யோகராணிக்கு ஆங்கிலம் பத்துச் சொல்லுக்குமேல் ஓடாது.

நெடுஞ்சாலையில் ஏறியபிறகு ஜோசப்பின் வீதியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கனடா வர அம்மாவுக்கு மெடிக்கல் வந்திட்டுது, ராணி."

நல்ல விசயம் அக்கா என்றாள் யோகராணி. பிறகுதான் உறைத்தது. தாயைக் கூப்பிட ஜோசப்பின் காட்டிய வருமானத்தில் கரட் பிடுங்கிய காசும் சேர்த்தி. அதையும் சேர்த்துத்தான் அளவுக்கு வந்தது. அந்த மாதங்களைத் தன்னுடையவை என்று யோகராணி எடுத்தால் கிழவி விசாவுக்குக் காத்திருக்கும் கொழும்பு லொட்ஜிலேயே கிடப்பாள். எடுக்காவிட்டால் யோகராணி எங்கே கிடப்பாள் என்று அவளுக்கே தெரியாது. காரைத் திருப்பச் சொல்ல வாய் வரவில்லை. ஜோசப்பினும் திருப்பவில்லை.

விதைப்புக்கு முந்திய தோட்டம் வெறுமையாகக் கிடந்தது. கொட்டிலில் உழவு இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டிருந்த கிழவர் நிமிர்ந்தார். நாலு எட்டில் கிட்ட வந்தார். "ஜோசப்பின்!" என்று யோகராணியின் தோளைப் பிடித்து உலுக்கினார். ஏன் போன வருடம் வரவில்லை, இந்த முறை வருகிறாயா, உன்னைப்போல் கட்டுகிறவள் ஒருத்தியுமில்லை. பாதி விளங்கியது, பாதியை ஜோசப்பின் தமிழில் சொன்னாள். இந்த நாட்டில் யோகராணியைத் தேடியிருந்த ஒரே முதலாளி அவர்தான். தேடியது ஜோசப்பினை.

கிழவர் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தார்.

சிநேகிதியா, பெயர் என்ன என்று கேட்டார்.

ஜோசப்பின் வாயைத் திறந்தாள். ஒரு கணம் மூடினாள்.

"ராணி" என்று தன்னைச் சொன்னாள்.

கிழவர் அந்தப் பெயரைத் தானும் ஒருமுறை சொல்லிப்பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். ஜோசப்பின் அதைப் பிடிக்கவில்லை. அவள் முகம் சிவந்துபோயிருந்தது.

"அம்மாவை நினைச்சன், வாயிலை வந்திட்டுது" என்றாள் தமிழில், மெதுவாக. "நீ சொல்ல வேண்டியதைச் சொல்லடி. நீ சொல்லுறதை அப்பிடியே சொல்லுறன். ஒண்டும் மறைக்கமாட்டன்."

காற்று வயலிலிருந்து கறுத்த தூசியைக் கிளப்பி மூவர் மேலும் போட்டுக்கொண்டிருந்தது. தமிழ் விளங்காத கிழவர் சிரித்த முகத்தோடு நின்றார். ரேகைக்குள் மண் ஏறிப்போன, ராணிக்கென்று வந்த அந்தக் கை இரண்டு பெண்களுக்கும் நடுவில் இன்னும் நீண்டபடியே இருந்தது. யோகராணி குளிருக்குப் போட்டிருந்த வலக்கைக் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துக் கழற்றத் தொடங்கினாள்.