செங்கல் மேல் நாற்காலி

ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் மூன்றே நாள். திருத்தணி மலையடிவாரத்து வண்டி நிறுத்தத்தில் காலை ஏழு மணிக்கே வேன்கள் வரிசை கட்டி நின்றன. வாசலில் சீட்டுக் கிழிக்கிற வேடியப்பன் இன்று வாசலில் இல்லை. பக்கத்துத் தேங்காய்க் கடை ஓரமாகச் சாக்கின் மேல் உட்கார்ந்து, தன் கரண்டுச் சக்கர நாற்காலியைத் தூக்கும் ஆட்டோக்காரர்கள் இருவரையும் திட்டிக்கொண்டிருந்தார்.

"பின்சக்கரத்தத் தூக்குடான்னா முன்னால இன்னாத்துக்குத் தடவிகினுகீற?"

"பாட்டரியோட பொணம் மாதிரி கனக்குது பெரியவரே."

"பொணம் நானு. சாக்கு மேல குந்திகினுகீறேன். நீ தூக்கு."

அடியில் பக்கத்துக்கு மூன்று செங்கல் ஏறியது. பின்சக்கரங்கள் தரையை விட்டு நாலு விரல் உயரத்தில் தொங்கின.

வேடியப்பன் பொதட்டூர்பேட்டையில் இருபது வருஷம் விசைத்தறி மேஸ்திரி. லாரி ஏறி இரண்டு காலும் முட்டிக்குக் கீழே போன பிறகு, சென்னையில் ஒரு தர்ம ஸ்தாபனத்தார் வெளிநாட்டில் யாரோ ஓட்டிப் பழசாக்கிய இந்த நாற்காலியைக் கொடுத்தார்கள். குச்சியைத் தள்ளினால் போகும், விட்டால் நிற்கும் என்றார்கள். அதை வைத்துத்தான் இந்த வேலை கிடைத்தது. இப்போது அதனாலேயே போகவிருந்தது.

பத்து நாளில் மூன்று முறை நாற்காலி தானாகப் பாய்ந்திருந்தது. முதலில் ஒரு வேன் மேல். அடுத்து வாசலை மறிக்கும் கயிற்றுக் கம்பத்தின் மேல். முந்தாநாள் தேங்காய்க் கடைச் சின்னம்மாளின் கணுக்காலில். நாலு தையல். சூப்பர்வைசர் இளங்கோவன் அப்போதே ஒரு காகிதத்தை நீட்டினான்.

"படிச்சிக் காட்டு," என்றார் வேடியப்பன்.

"குடிச்சிட்டு வண்டிய ஓட்டி இடிச்சிட்டேன்னு எழுதியிருக்குது."

"நான் வுட்டுப் பதினோரு வருசமாச்சிடா."

"ரேகை வெச்சா மொதலாளி வந்து பேசற வரிக்கும் இருக்கலாம். வெக்கலன்னா இப்பவே நடையக் கட்டு."

நடையைக் கட்டக் காலில்லாதவர் கட்டைவிரலை மையில் அழுத்தினார்.

அடிபட்ட சின்னம்மாள் அவரைக் குடிகாரர் என்று சொல்லவில்லை. திருஷ்டி என்று சொல்லி, சக்கரத்துக் கம்பியில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கட்டிவிட்டாள். வேடியப்பனுக்குக் காகிதத்திலும் நம்பிக்கை இல்லை, பழத்திலும் இல்லை. இருபது தறி ஓடும் கொட்டகையில் எதுவோ ஒன்று தப்புச் சத்தம் போட்டால் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டும். அவர் படித்த படிப்பு அவ்வளவுதான். நேற்றுப் பூராவும் மனசுக்குள் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தார். வெயிலா? முதல் தடவை மழை. சரிவா? மூன்றும் மூன்று இடம். கையா? மூன்றாவது தடவை இரண்டு கையிலும் சீட்டுக்கட்டு. கடைசியில் நிற்காமல் ஓடியது ஒன்றுதான். மூன்று முறையும் இளங்கோவன் பக்கத்தில் நின்று வாக்கி டாக்கியில் பேசிக்கொண்டிருந்தான்.

வண்டி நிறுத்தத்தின் குத்தகைக்காரர் தணிகாசலம் வந்து இறங்கினார். செங்கல் மேல் நிற்கும் நாற்காலியைப் பார்த்தார்.

"இன்னா வேடியப்பா, ஆயுத பூசையா?"

"மொதலாளி, ஸ்விச்ச போட்டுக்கீறேன். நான் இங்க, நாற்காலி அங்க. ஒரு கையும் அது மேல இல்ல. இளங்கோவ வாக்கி டாக்கில பேசச் சொல்லுங்க."

"பெரியவருக்கு இன்னும் போதை எறங்கல சார்," என்று சிரித்த இளங்கோவன், கயிற்றோரம் நின்றபடியே பொத்தானை அழுத்தி, "அலோ, அலோ," என்றான்.

சக்கரம் அசையவில்லை. வேன்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்காத ஒரே ஆள் சின்னம்மாள்.

"அங்கேர்ந்து கூவுனா? என்னை இடிச்ச அன்னிக்கு எங்க நின்னுகினு இருந்தே? அந்தாளு தோள்ல கைய போட்டுகினு இல்ல பேசினே? கிட்ட வாடா நைனா, கடிக்காது!"

இளங்கோவன் நாற்காலியை ஒட்டி வந்து நின்றான். அழுத்தினான். "அலோ..."

இரண்டு சக்கரங்களும் உறுமிக்கொண்டு சுழன்றன. எலுமிச்சம்பழம் கம்பியிலிருந்து பிய்த்துக்கொண்டு பறந்து தணிகாசலத்தின் வெள்ளை வேட்டியில் பட்டு விழுந்தது. இளங்கோவன் பதறிப் பொத்தானை விட்டான். சக்கரம் நின்றது.

"இன்னொரு தபா," என்றார் தணிகாசலம்.

அழுத்தினான். சுழன்றது. விட்டான். நின்றது. ஏழு தடவை. வரிசையில் இருந்த வேன்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். சின்னம்மாள் ஒரு தேங்காயை எடுத்து ஓங்கி உடைத்தாள்.

"யாரு குடிச்சிட்டு ஓட்டுனாங்கோ?" என்று வேடியப்பன் கேட்டார். "நாற்காலியா, நானா?"

தணிகாசலம் வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். "அந்த வாக்கி டாக்கியோட அலை பட்டுத்தான் நாற்காலி பாயுது. இனிமே அது வாசலாண்ட வரக் கூடாது. பேசறதுன்னா அந்தாண்ட போய்ப் பேசு இளங்கோ. பெரியவரே, நீங்க எடத்துல குந்துங்க."

"அது பத்தாது. கோடு போடணும். இவன நம்பி நான் ஓட்ட முடியாது."

சின்னம்மாள் நொண்டிக்கொண்டே போய்ச் சுண்ணாம்புத் தூள் கொண்டுவந்தாள். இளங்கோவன் அழுத்தி அழுத்திப் பின்னால் நகர்ந்தான். சக்கரம் எட்டாவது அடியில் நின்றது. வேடியப்பன் அதையும் நம்பாமல் இருபது அடியில் கோடு போடச் சொன்னார்.

ஆட்டோக்காரர்கள் செங்கல்லை எடுத்து, அவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். குச்சியைத் தள்ளினார். போனது. விட்டார். நின்றது.

"மொதலாளி, அந்தக் காகிதம்?"

"அது ஆபீஸ் ஃபைல்ல போயிடுச்சி. அப்பால பாக்கலாம். வண்டிங்க நிக்குது பாரு."

கோட்டுக்கு அப்பால் வெயிலில் நின்று இளங்கோவன் வாக்கி டாக்கியில் கத்திக்கொண்டிருந்தான். வேடியப்பன் கயிற்றைத் தூக்கினார். பள்ளிப்பட்டு வேன் முதலில் வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, மை இன்னும் போகாத கட்டைவிரலால் சீட்டைக் கிழித்து நீட்டினார்.