பதினோராவது பெயர்

முந்நூற்று எண்பத்தாறு நாட்கள். இன்னாசிமேரி அதற்காகக் கணக்குப் போட வேண்டியதில்லை. காலையில் கண் விழித்தால் ஒன்று கூடியிருக்கும், அவ்வளவுதான். போன வருஷம் பொங்கல் கழிந்த சனிக்கிழமை, அரியலூர் மைதானத்தில் பெரம்பலூர் டீம் ஒரே ஒரு கோலில் தோற்றது. எண்ணிக்கை அன்றைக்குத் தொடங்கியது.

அந்த டீமுக்கு மேனேஜர் அவள் அப்பா அருளானந்தம். பள்ளிக்கூட வாத்தியார். பத்து வருஷமாக நடக்கும் கால்பந்துப் பந்தயத்தில் எல்லாரையும்விடச் சிறந்த மேனேஜர் யார் என்று பார்த்து ஒரு வெள்ளிக் கேடயம் கொடுப்பதாக இருந்தார்கள். பந்தயத்தின் காரியதரிசி வேணுகோபால் வீட்டில் இன்று கூட்டம். டீம் நோட்டைக் கேட்டிருந்தார்கள். அப்பாவுக்கு நாலு நாளாகக் காய்ச்சல். நோட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடச் சொல்லி அவளை அனுப்பினார்.

கொடுத்தாள். ஆனால் வேணுகோபாலின் மனைவி விடவில்லை. மோரைக் கையில் கொடுத்து உள்ளே உட்காரவைத்தாள். கூடத்துக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு துணித்திரைதான். பேச்செல்லாம் கேட்டது.

வேணுகோபால் உடையார்பாளையம் மேனேஜர் ஆண்டவர் என்பவரின் பக்கம் பேசினார். நாலு கோப்பை ஜெயித்தவர். அருளானந்தம் ஜெயித்தது ஒன்று. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றார். அழகேசன் பல வருஷம் ரெப்ரியாக இருந்து விசில் ஊதியவர். அவருக்குச் சிரிப்பு வந்தது.

"நாலு தடவையும் திருச்சியிலேருந்து ஆளுங்கள இட்டாந்து எறக்குனாரு. கடையில வாங்குன சோத்த எலையில போட்டுட்டு, நாந்தான் ஆக்குனேன்னா ஒத்துக்குவீங்களா?"

அருளானந்தம் அப்படி இல்லை என்றார் அழகேசன். பெரம்பலூரில் அருளானந்தம் தேங்காய் வாங்கப் போன இடத்தில், மண்டியில் உருண்டு ஓடிய காயை ஒரு பையன் குனியாமல் வெறுங்காலால் நிறுத்தியதைப் பார்த்தார். தேங்காயை மறந்துவிட்டு டீமுக்குப் பையனைக் கேட்டார். அந்தப் பையன்தான் மதார். இரண்டே வருஷத்தில் இந்த வட்டாரத்தில் அவனைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோக ஆளில்லை.

அந்த மண்டிக்காரரும் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அப்துல் மஜீது, லெப்பைக்குடிக்காட்டுக்காரர், மதாரின் தகப்பனார், கேடயத்துக்கு வெள்ளி கொடுத்தவர்.

அழகேசன் விடாமல் சொன்னார்: "ஜெயிச்ச அன்னிக்கு எல்லாரும் மேனேஜர்தான் பாய். தோத்த அன்னிக்கு எவன் நிக்கிறான்னு பாக்கணும்."

"நின்னாரே," என்றார் மஜீது. "எம் மவன உக்கார வெச்சுட்டு நின்னாரு."

இன்னாசிமேரி மோர் தம்ளரைக் கீழே வைத்தாள்.

அந்தப் பந்தயத்தில் ஆடும் பதினோரு பேரின் பட்டியலை முந்தின நாளே எழுதி அனுப்பிவிட வேண்டும். அனுப்பிய பிறகு ஓர் எழுத்தை மாற்ற முடியாது. ஆட்டத்தில் கால் ஒடிந்தாலும் மாற்று ஆள் இல்லை. மேனேஜரின் மூளை முழுதும் அந்த ஒரு தாளில்தான்.

அந்தத் தோல்விக்கு முந்தின வெள்ளிக்கிழமை மாலை அப்பா பந்துக்கு வார் இழுத்துக் கட்டியபடி பெயர்களைச் சொன்னார். அவள் எழுதினாள். மடியில் வேதியியல் புத்தகம் விரிந்து கிடந்தது. மறுவாரம் திருச்சியில் செய்முறைத் தேர்வு. அரியலூர் பஸ் போய்விடுமே என்று அப்பா தாளின் அடியில் முன்னதாகவே கையெழுத்துப் போட்டிருந்தார். சொல்லி முடித்ததும் பந்தோடு மைதானத்துக்குப் போய்விட்டார். கண்டக்டரிடம் தாளைக் கொடுத்தது அவள்தான்.

மறுநாள் நடந்ததை அத்தை மகன் மரிய செல்வம் வந்து சொன்னான். டீமில் அவன் உபரி ஆள். எல்லாருக்கும் எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுக்கத்தான் போயிருந்தான். பட்டியலில் மதார் இல்லை, அவன் பெயர் இருந்தது. மாமா தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தாராம். மடித்துப் பைக்குள் வைத்தாராம். பிறகு மதாரின் கணுக்காலில் கட்டியிருந்த பட்டையை அவரே அவிழ்த்து, செல்வத்தின் காலில் கட்டினாராம். மதாரைப் பார்த்துப் பெரிய டீமுக்கு எடுத்துக்கொள்ள அன்றைக்குத் திருச்சியிலிருந்து ஓர் ஆள் வந்திருந்தார். பாதி ஆட்டத்தில் எழுந்து போய்விட்டார்.

அப்பா வீட்டுக்கு வந்து, "சாப்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த ஆட்டத்துக்கும் பேனாவை அவளிடமே நீட்டினார். ஒவ்வொரு பெயரையும் இரண்டு தடவை, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அப்போது அவளுக்குத் தெரிந்தது. ஆய்வுக்கூடத்தில் தராசு ஒரு மில்லிகிராம் அசைந்தாலும் குறித்துக்கொள்கிறவள் அவள். அப்பாவிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

ஊர் பேசியது. தங்கச்சி மகனுக்காகத் துலுக்கப் பையனை ஒதுக்கிவிட்டார் வாத்தியார் என்றது. மண்டியில் அவருக்கு மரியாதை குறையவில்லை. ஆனால் வாங்க, உக்காருங்க என்ற பேச்சு நின்றது. அதற்குப் பிறகு மதார் பந்தைத் தொடவே இல்லை. ஆவணியில் பினாங்குக்குக் கப்பல் ஏறிவிட்டான்.

திரைக்கு அப்பால் மஜீது பேசினார். குரலில் கோபமில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"மத்த வருசமெல்லாம் நல்ல மனுசன். அல்லா அறிய அதுல எனக்குச் சந்தேகமில்ல. அன்னிக்கு ஒரு நா, சொந்தம் பெருசாப் போச்சு. நீங்க ரெண்டு பேரும் அவருக்கே குடுக்கலாம்னா குடுங்க. நான் தடுக்கல. எங் கையால மட்டும் குடுக்க மாட்டேன்."

அழகேசன் தாழ்ந்த குரலில், அன்று மைதானத்தில் தானே அருளானந்தத்திடம் காரணம் கேட்டதாகச் சொன்னார். லிஸ்டில் இருப்பது என் கையெழுத்து, முடிவும் என்னுடையது என்றாராம். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லையாம்.

"அப்ப ஆண்டவர்னே எழுதிடறேன்," என்றார் வேணுகோபால். மைக்கூட்டின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. இப்போதே எழுந்து, வரேங்க என்று சொல்லிப் போய்விடலாம். செல்வம் அவளுக்குக் கட்டிக்கொள்ளும் முறை. சொன்னால் ஊர் என்ன சிரிக்கும் என்பதும் தெரியும். காய்ச்சலோடு நோட்டுக்கு அட்டை போட்டுத் தந்த அப்பாவின் கை நினைவுக்கு வந்தது.

திரையை விலக்கினாள். மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். அவளால் மஜீதின் பாதங்களைத் தவிர எதையும் பார்க்க முடியவில்லை.

"என்னம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சா?" என்றார் வேணுகோபால்.

"இல்லீங்க." மஜீதின் பக்கம் திரும்பினாள். "பாய், எங்கப்பா எப்பவும் போல மதார் பேரத்தான் மொதல்ல சொன்னாரு. நான் புஸ்தகத்தப் பாத்துக்கிட்டு இருந்தேன், காதுல வாங்கல. அவரு போனப்பறம் எண்ணிப் பாத்தேன், பத்துதான் இருந்துச்சு. விட்டுப்போனது யாருன்னு மைதானம் வரைக்கும் போய்க் கேட்டிருக்கலாம். கேக்காம, செல்வத்தோட பேர நானே எழுதிட்டேன்."