மீன் சுற்றிய மனு

கையுறைத் தொழிற்சாலையில் தையல் வேலை பார்த்தவள் அவள். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு மனுவும் கையுமாக வீடு வீடாக ஏறி இறங்கியதில் 'கையெழுத்துக்காரி' என்றே பேர் விழுந்துவிட்டது. நாலாயிரம் கையெழுத்துக்காக எட்டு மாதம் அலைந்தாள். முகத்தில் அறைகிற மாதிரி கதவைச் சாத்தினார்கள். மாடியிலிருந்து எச்சில் துப்பினார்கள். துடைத்துக்கொண்டு அடுத்த கதவைத் தட்டினாள்.

சட்டசபையில் மனுக்கட்டை வாங்கிக்கொண்டவன் ஓர் இளம் குமாஸ்தா. மற்றவர்களைப் போல அவன் இளிக்கவில்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்தான். "என் கையாலேயே சபைத் தலைவர் மேசைல வைக்கிறேங்க" என்றான். மறுவாரம் வைத்துவிட்டதாகச் சொல்லி, டிராம் நிறுத்தம் வரை கூடவே நடந்து வந்தான். அந்த ஒரு வார்த்தையில் அவள் கரைந்துபோனாள். சில மாதங்களில், கல்யாணம் பேச வீட்டுக்கு வரச் சொல்லுமளவுக்குப் பழக்கம் முற்றியது.

அவன் வரவேண்டிய ஞாயிற்றுக்கிழமை காலையில், அவளோடு குடியிருந்த, சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் சித்தி மீன் வாங்கி வந்தாள். பொட்டலத்தைப் பிரித்த கையெழுத்துக்காரிக்குக் கை அப்படியே நின்றது. ரத்தமும் செதிலும் ஒட்டிய தாளில் வரிசையாகப் பெண்களின் பெயர்கள். அவளே கோடு போட்ட தாள். கடைசி வரியில், சலவைக்கூடத்துச் சோடாக் காரத்தில் தோலுரிந்த ஒரு பெருவிரலின் பாதி ரேகை. அதன்மேல் மீன்குடல் வழிந்துகொண்டிருந்தது.

சித்தி எட்டிப் பார்த்தாள். "இது என் கைநாட்டு இல்ல?"

மத்தியானம் அவன் பளபளக்கும் செருப்போடு வந்தான். அவள் தாளை நீட்டினாள்.

"ஓ, இதுவா?" முகம் வெளுத்தாலும் சமாளித்துக்கொண்டான். "தலைவர் பிரிச்சுக்கூடப் பாக்கல. தூக்கிப் போடுன்னுட்டார். பழைய காகிதக்காரன்கிட்ட போட்டேன். நீ வருத்தப்படுவியேன்னுதான் சொல்லல."

"மேசைல வச்சேன்னு சொன்னீங்களே?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னது. நாம கட்டிக்கிட்டா உனக்கு எதுக்குத் தனியா ஓட்டு? என்னோடது ரெண்டு பேருக்கும் சேத்துதானே?"

சிரித்தபடியே தாளை இரண்டு விரலால் நுனியில் பிடித்துக் கீழே போட்டான். கைக்குட்டையை எடுத்து விரல் விரலாகத் துடைத்தான்.

அவளுக்குக் குமட்டியது. மீன் நாற்றத்தால் அல்ல. இந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதானே டிராமுக்குக் காத்து நின்றோம் என்று நினைத்தபோது உள்ளங்கை கூசியது.

"எந்திரிச்சுப் போங்க."

"ஒரு காகிதத்துக்காகவா?"

"நாலாயிரம் பேருக்காக. போங்க."

சித்தி போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். அவன் போன பிறகும், அவன் உட்கார்ந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.

மறுபடி முதலிலிருந்து கையெழுத்து வாங்க ஒரு வருஷம் ஆனது. இந்தத் தடவை நாற்பது பெண்கள் கூடவே போய், ரசீது தந்தால்தான் நகர்வோம் என்று நின்றார்கள். எழுதவேண்டியவன் அவன்தான்.

"இன்னும் கோவமா?" என்று குனிந்தபடியே கேட்டான்.

"முத்திரை சரியா விழல. இன்னொரு தடவ குத்துங்க" என்றாள்.

ஓட்டு கிடைக்க மேலும் ஆறு வருஷம் பிடித்தது. அதற்குள் அவன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டதாகக் கேள்விப்பட்டாள். முகம் தெரியாத அந்தப் பெண்ணை அவளுடைய ஓட்டை அவளே போட விடுவானா என்றுதான் நினைத்துக்கொண்டாள்.